பற்றரியைக் குளிர்த்தப் பிளாஸ்ரிக் தட்டு போதுமா?

பிளாஸ்ரிக் சூட்டைக் கடத்தாது, அதில் செய்த தட்டின் உள்வாய்க்கால்களில் கூலன்றை (குளிர்த்தும் திரவத்தை) ஓடவிட்டு மின்சாரக் காரின் பற்றரியை எப்படிக் குளிர்த்துவது என்று கேட்பது நியாயம்தான். அலுமினியத்தின் வெப்பக் கடத்துதிறன் மீற்றருக்குப் பாகைக்கு ஏறத்தாழ 200 வாற், பொலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்ரிக்குக்கு 0.2. ஆயிரம் மடங்கு வித்தியாசம். ஆனால் சுவரை 0.3 மில்லிமீற்றருக்கு மெல்லிசாக்கினால், சதுர மீற்றருக்கு 500 வாற் சூடு போகையில் இரு பக்கத்துக்கும் இடையே 0.75 பாகைதான் வேறுபடும். வழமையான ஓட்டத்துக்கும் வீட்டுச் சார்ஜுக்கும் அது ஒரு பொருட்டே இல்லை. அதிவேகச் சார்ஜில் 5,000 வாற் வந்தால் 7.5 பாகை, அங்கே அலுமினியம்தான் சரி.

உண்மையில் மோசமான எதிரி காற்று. செல்லுக்கும் தட்டுக்கும் இடையில் 0.1 மில்லிமீற்றர் காற்று நின்றால், அது அந்தப் பிளாஸ்ரிக் சுவரைவிட இரண்டரை மடங்கு தடுக்கும். மெல்லிய பிளாஸ்ரிக் உள்ளே அழுத்தம் ஏறியதும் உப்பிச் செல்லோடு ஒட்டிக்கொள்ளும். விறைத்த அலுமினியத் தட்டுக்கு இடைவெளியை நிரப்பப் பசை வேண்டும். மின்சாரம் கடத்தாததும் ஒரு லாபம்.

பழுதாகும் இடங்கள் வேறு. சாதாரண நைலோன் கூலன்றிலுள்ள சூடான கிளைக்கோலில் ஊறி நொறுங்கிப்போகும். கிளைக்கோல் தாங்கும் ரகத்தைக் கேட்டு வாங்கவேண்டும். குழாய் முனையில் திருகுக் கிளிப்பை இறுக்கினால் பிளாஸ்ரிக் மெல்ல அமுங்கி, சில மாதத்தில் கசியும். ஸ்பிரிங் கிளிப் போடுங்கள். ஒட்டுத் தையல்களைப் பற்றரியில் பொருத்துமுன்னரே காற்றழுத்தம் ஏற்றிச் சோதிக்கவும். மானியைப் பார்ப்பதற்குமுன் காற்று ஆறட்டும், இல்லாவிட்டால் சூடு இறங்க அழுத்தம் குறைவதே கசிவுபோலத் தெரியும். கூலன்றைக் கீழிருந்து நிரப்பி மேலே காற்றை விடவேண்டும். ஒடுங்கிய வாய்க்காலில் குமிழி மாட்டினால் அந்தப் பக்கத்துச் செல்கள் மட்டும் கொதிக்கும்.

யாழ்ப்பாணத்தில் இன்னொன்று: கூலன்ற் குறைந்தால் கிணத்துத் தண்ணி விடாதீர்கள். எங்கள் சுண்ணாம்புக்கல் நிலத்துத் தண்ணி, யப்பான் கூலன்றிலுள்ள பொஸ்பேற்றோடு சேர்ந்து வெள்ளை வண்டலாகி வாய்க்காலை அடைக்கும். கரையோரக் கிணறு என்றால் உப்பும் சேரும். பிளாஸ்ரிக்குக் கேடில்லை, ஆனால் அலுமினிய றேடியேற்றரை அரிக்கும். கலந்தே வரும் 50:50 கூலன்றே நல்லது.

தட்டு எதுவானாலும், வெளியில் 34 பாகை என்றால் றேடியேற்றர் மட்டும் கூலன்றை அதற்குக் கீழே இறக்காது. ஏசி வாயுவோடு இணைந்த குளிரூட்டி தேவை.

நிசான் லீஃப் காரின் முதல் இரு தலைமுறைகளில் ஒன்றை வைத்திருப்போர் தட்டுத் தேடவேண்டாம். அதன் பற்றரிக்குத் திரவச் சுற்றே இல்லை, பெட்டிக்குள் இருப்பதோ 350 வோல்ற்றுக்கு மேல். தூர ஓட்டம் முடிந்ததும் நிழலில் விட்டு, ஆறியபின் இரவில் சார்ஜ் போடுங்கள்.