வேலியோரக் கார்த்திகைப்பூவும் ஏழு காபன் வளையமும்

1978 ஆம் ஆண்டு மாரிக்காலத்தில், உயர்தர விஞ்ஞான வகுப்பில் எங்கள் இரசாயன ஆசிரியர், கல்லூரியின் பின்புறக் கிளுவை வேலியில் படர்ந்திருந்த கார்த்திகைப்பூ ஒன்றைக் காம்போடு கொண்டுவந்து மேசைமீது வைத்துவிட்டே அரோமற்றிக்குச் சேர்வைகள், அதாவது பென்சீன் போன்ற உறுதியான வளையம் கொண்ட சேர்வைகள், பற்றிய பாடத்தைத் தொடங்கினார். இதழ்களை எண்ணச் சொன்னார். ஆறு என்றோம். அவை மூன்று மூன்றாக இரு சுற்றுகளில் அமைந்திருப்பதையும், சூலகத்துக்கும் மூன்று அறைகளே இருப்பதையும் காட்டி, ஒருவித்திலைத் தாவரமாகிய இதன் கணக்கு மூன்றே என்றார்.

பின்னர் கரும்பலகையில் கொல்கிசீன் மூலக்கூற்றை வரைந்தார். அக்கொடியின் கிழங்கிலும் விதையிலும் உள்ள கொடிய நஞ்சு அது. அதன் மூன்று வளையங்களில் ஒன்று நாங்கள் அறிந்த, ஆறு காபன் கொண்ட பென்சீன் வளையம். மற்றவை இரண்டும் ஏழு காபன்கள் கொண்டவை. கடைசி வளையத்தையும் ஆறு காபன் வளையமாகவே அறிஞர்கள் நெடுங்காலம் எழுதிவந்தார்கள் என்றும், 1945 இல் இரசாயனவியலாளர் மைக்கேல் டியூவரே அது ஏழு என முன்மொழிந்தார் என்றும் சொன்னார். அவ்வளையத்தில் காபனோடு இரட்டைப் பிணைப்பால் இணைந்த (காபனைல் கூட்டத்தின்) ஒட்சிசன் இலத்திரன்களைத் தன்பக்கம் இழுத்துக்கொள்வதால், அந்த ஏழு காபன்களும் பகிர்ந்துகொள்ளும் பை இலத்திரன்கள் (இரட்டைப் பிணைப்புக்குரிய இலத்திரன்கள்) ஆறாகின்றன, பென்சீனிலும் ஆறுதான். “பூவிலே ஆறு தெரிகிறது, கணக்கு மூன்று, வளையத்திலே ஏழு தெரிகிறது, கணக்கு ஆறு” என்றார் ஆசிரியர்.

இது பாடத்திட்டத்தில் இல்லாத விடயம். ஆயினும், வளையம் பகிரும் பை இலத்திரன்கள் ஆறு போன்ற குறித்த எண்ணிக்கையில் இருந்தால் அது பென்சீன்போல் உறுதிபெறும் என்னும் ஹக்கலின் விதியைப் பல்கலைக்கழகத்தில் படித்த நாளில், அதன் உட்பொருள் எனக்கு முன்பே பழகியதாக இருந்தது. பூவின் மூன்று பரம்பரையால் வருவது, வளையத்தின் ஆறு சக்திநிலையால் வருவது என்ற வேறுபாட்டை நான் பிற்பாடே உணர்ந்தேன். அதனால் அந்த ஒப்புமையின்மீது எனக்குள்ள மதிப்புக் குறையவில்லை.

இங்கிலாந்துக்கு வந்தபின், ஓர் இலையுதிர்காலத்தில், பூங்காப் புல்வெளியில் இலையே இல்லாமல் நிலத்திலிருந்து நேராக எழுந்து நின்ற வெளிர் ஊதாப் பூக்களைக் கண்டேன். கொல்கிக்கம் என்று பெயர்ப்பலகை சொன்னது. 1820 இல் பிரெஞ்சு இரசாயனவியலாளர்களான பெலத்தியேயும் கவாந்துவும் கொல்கிசீனைப் பிரித்தெடுத்தது இச்செடியிலிருந்துதான். நாங்கள் படித்த காலத்தில் இரண்டையும் லில்லிக் குடும்பத்தில் சேர்த்திருந்தார்கள். இன்று இதுவும் நம் கார்த்திகைப்பூவும் கொல்கிக்கத்தின் பெயரிலேயே அமைந்த தனிக் குடும்பத்தில் உள்ளன. ஈரப் புல்லில் முழந்தாளிட்டு இதழ்களை எண்ணினேன்: வெளிச்சுற்றில் மூன்று, உட்சுற்றில் மூன்று.