தலைசுற்றல் போன பிறகும் திசை வரவில்லை

வெஸ்டிபுலர் நியூரிட்டிஸ் என்ற உட்செவி நரம்பு அழற்சி வந்தால் தலைசுற்றல் பற்றி எல்லோரும் சொல்வார்கள். அது அடங்கிய பிறகு வரும் திசைக் குழப்பத்தைப் பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை. இதே நிலையில் இருப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

ஒரு சளிக் காய்ச்சலுக்குப் பின் வலது உட்செவியின் சமநிலை நரம்பில் அழற்சி. முதலில் கண்ணைத் திறந்தாலே அறை சுழன்றது, வாந்தி. அந்தக் கட்டம் மருந்தோடு போய்விட்டது. டெல்லி ஆர்.கே. புரத்தில் வீட்டைச் சுற்றி நடப்பதில் சிரமமே இல்லை. ஹௌஸ் காஸில் மெட்ரோ மாறி ராஜீவ் சவுக்கில் இறங்கியபோதுதான் வினை. பூமிக்கடியில் கூட்டத்தோடு இப்படியும் அப்படியும் திரும்பிப் படியேறி வந்தால், கனாட் பிளேஸ் என்ற வட்ட வடிவக் கடைவீதியில் எந்தக் கடை எந்த பிளாக்கில் என்று வாயால் சொல்ல முடிகிறது. நான் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறேன் என்பது மட்டும் தெரியவில்லை.

பிசியோதெரபிஸ்ட் இதைக் கேட்டு ஆச்சரியப்படவே இல்லை. இடம் தெரிவது வேறு, திசை தெரிவது வேறு என்றார். மூளையில் தலை ஒரு குறிப்பிட்ட திசையில் இருக்கும்போது மட்டும் துடிக்கும் செல்கள் உண்டு. 1984இல் ஜேம்ஸ் ராங்க் எலிகளிடம் கண்டறிந்தவை அவை. தலை எவ்வளவு திரும்பியது என்ற கணக்கை உட்செவியின் அரைவட்டக் குழாய்கள்தான் அவற்றுக்குத் தருகின்றன. ஒரு காது கணக்கைக் குறைத்துச் சொன்னால், ஒவ்வொரு திருப்பத்திலும் பிழை கூடிக்கொண்டே போகும். கண்ணுக்குத் தெளிவான அடையாளம் ஒன்று கிடைத்தால் அந்தப் பிழை சரியாகிவிடும். மெக்கில் பல்கலைக்கழகத்தார் 2023இல் சுண்டெலிகளிடம் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள்: இருட்டில் திசைக் கணக்கு மெல்ல விலகுகிறது, அடையாளம் திரும்பத் தெரிந்ததும் சட்டென்று நேராகிறது.

பயிற்சி எளிமையானது, ஆனால் எரிச்சலூட்டும். சுவரில் ஒரு காகிதம், அதில் பெரிதாக ‘அ’. பார்வையை எழுத்திலேயே வைத்துத் தலையை இடவலமாக ஆட்ட வேண்டும். எழுத்து கலங்கத் தொடங்கும் வேகத்துக்குச் சற்றுக் கீழே ஆட்டினால்தான் பலன். ஆரம்பத்தில் ‘அ’வின் சுழி இரண்டாகத் தெரிந்து குமட்டும். என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து, “அம்மா, கண்ணு நகருது பாரு” என்று பிடித்துவிடுவாள். குமட்டுகிறதே என்று நிறுத்தக் கூடாது, எழுத்து கலங்கும் அந்தப் பிழையைப் பார்த்துத்தான் மூளை புதுக் கணக்கைக் கற்கும் என்று சொல்லியிருந்தார்கள். வாரக்கணக்கில் செய்தேன், எழுத்து நிலைத்தது.

அப்புறம் கனாட் பிளேஸ். ராபர்ட் டோர் ரசல் வடிவமைத்த அந்த வட்டம் என்னைப் போன்றவர்களுக்குச் சோதனைதான். எங்கே நின்றாலும் அதே வெள்ளைத் தூண், அதே வளைவு. ஆகவே கடைப் பலகைகளைத் தேடுவதை விட்டேன். மேலே வந்ததும் ஓரமாக நின்று, தலையை அசைக்காமல் இருந்துவிட்டு, பிறகு மெதுவாகச் சுற்றிப் பார்ப்பேன். தேடுவது ஒன்றே ஒன்று: கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா வடிவமைத்த ஜீவன் பாரதி கட்டடம். சிவப்புக் கல்லும் கண்ணாடியுமாக அந்த மாதிரி இன்னொன்று அங்கே கிடையாது. அது வட்டத்தின் தெற்கில் நிற்கிறது. அதைப் பார்த்து நின்றால் இடப்புறம் ஜன்பத், அதற்கு அடுத்தது என் அலுவலகம் இருக்கும் கஸ்தூர்பா காந்தி மார்க். கட்டடம் கண்ணில் பட்ட நொடியில் ஊரே ஒரு சுற்றுச் சுற்றித் தன் இடத்தில் உட்காரும். அந்த உணர்வை வேறெப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. உடம்பு லேசாகிவிடும்.

தொலைவில் உள்ள, ஒரே பக்கத்தில் மட்டும் இருக்கிற அடையாளமாகப் பாருங்கள். பக்கத்தில் இருப்பது நாலடி நடந்தாலே பக்கம் மாறிவிடும்.

ஜனவரி மூடுபனியில் அந்தக் கட்டடம் தெரியாது. அந்த நாட்களில் கேட் எண்ணைப் பார்த்து வெளியேறி, முதல் ஆட்டோக்காரரிடம் வழி கேட்டுவிட்டுத்தான் நடக்கிறேன்.