பினாங்கில் வற்றலுக்கு உரிய மாதம் தை

தமிழ்நாட்டிலிருந்து நம் கைக்கு வந்து சேர்ந்த வற்றல் பக்குவங்கள் பெரும்பாலும் பங்குனியிலோ சித்திரையிலோதான் தொடங்குகின்றன. மொட்டை மாடியில் பழைய வேட்டியை விரித்து, உப்பிட்ட காயைப் பரப்பிவிட்டால் இரண்டு மூன்று நாளில் சருகாகிவிடும் என்பார்கள். அதை அப்படியே பினாங்கில் செய்பவர்களுக்குப் பூஞ்சணம் பிடித்த காய்தான் மிஞ்சும். ஏனெனில் இங்கே ஏப்ரலும் மே மாதமும் பிற்பகலில் இடியுடன் மழை கொட்டும் பருவம். இதை வைத்தே இந்த ஊரில் வற்றல் போட முடியாது என்று முடிவு கட்டிவிட்டு, லிட்டில் இந்தியா கடைகளில் இறக்குமதிப் பொட்டலங்களை வாங்குபவர்கள் பலர். பினாங்கில் வற்றல் போடலாம். அதற்குரிய மாதம் தை என்பதே என் அனுபவம். அந்த மாதத்தில் காய் கையில் இருக்கவேண்டுமானால், விதைப்புக் கணக்கை அங்கிருந்து பின்னோக்கிப் போட்டுக்கொண்டு வரவேண்டும்.

வடகிழக்குப் பருவக்காற்று நவம்பர் தொடங்கி மலேசியாவின் கிழக்குக் கரையிலுள்ள கிளந்தானையும் திரங்கானுவையும் நனைக்கிறது. தித்திவங்சா மலைத்தொடரைத் தாண்டி மேற்குக் கரைக்கு வருவதற்குள் அதன் ஈரத்தில் பெரும்பகுதி கொட்டித் தீர்ந்துவிடுவதால், பினாங்கிலும் கெடாவிலும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் மழை மிகவும் குறைந்துவிடுகிறது. செப்டம்பரும் அக்டோபரும்தான் இங்கே அடைமழைக் காலம். தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வெறுங்காலுடன் நடந்தவர்களுக்கு அந்த மாதத்துத் தார்ச்சாலையின் சூடு எப்படிப்பட்டது என்று சொல்லத் தேவையில்லை. கெடாவில் ரப்பர்த் தோட்டமொன்றில் வளர்ந்த என் மாமியார், பால்மரங்கள் இலையுதிர்க்கும் காலத்தை வைத்தே இதைக் கணக்கிடுவார். ஒருமுறை நான் ஐப்பசியில் சுண்டைக்காயை நறுக்க எடுத்தபோது, “மழையில யாரும்மா வத்தல் போடுவா? பூசம் வரட்டும்” என்றார். வானிலைத் துறையின் மழைக் கணக்கும் அவர் சொன்னதையே சொல்கிறது.

மிளகாய் விதைத்து, நாற்றாகி, நட்டு, பச்சைக்காய் பறிக்க மூன்று மாதத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். ஆகவே பொங்கலை ஒட்டிக் காய் வேண்டுமானால் செப்டம்பர் இறுதிக்குள் விதை மண்ணில் விழவேண்டும். கத்தரிக்கும் ஏறக்குறைய அதே கணக்குதான். பாகல் இரண்டு மாதத்தில் முதல் காயைத் தரும் என்பதால் நவம்பர் தொடக்கம் போதும். வெண்டை ஐம்பது நாளுக்குள் காய்த்துவிடும் என்பதால் நவம்பர் பிற்பகுதி வரை காத்திருக்கலாம். கொத்தவரை வற்றலின் ருசிக்கு ஈடில்லை, ஆனால் அது வறண்ட நிலத்துச் செடி. நம் அக்டோபர் மழையில் அதை வளர்க்க முயல்வதை நான் பரிந்துரைப்பதில்லை.

இந்தக் கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. தையில் பறிக்கவேண்டிய செடிகளின் இளம்பருவம் சரியாக அடைமழையில் வந்து விழுகிறது. நாற்றங்காலை ஒளி புகும் கூரைத் தகட்டின் கீழ் வைத்துக்கொண்டால் நாற்றழுகல் பெருமளவு குறையும். நடும் இடத்தில் பாத்தியை ஒரு சாணுக்கு மேல் உயர்த்தி, காய்ந்த புல்லால் மூடாக்குப் போடவேண்டும். மழைத்துளி வெற்று மண்ணில் விழுந்து தெறிக்கும்போதுதான் மண்ணிலுள்ள நோய்க்கிருமிகள் கீழ் இலைகளுக்கு ஏறுகின்றன. இத்தனை மழை பெய்யும் நாட்டில் மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் ஓயாமல் கரைந்து வெளியேறுவதால், நம் மண் இயல்பிலேயே அமிலத்தன்மை மிகுந்த, புளித்த மண். நடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பு டோலமைட் சுண்ணாம்பைக் கலந்துவிட்டால் இரண்டு சத்தும் ஒருசேரக் கிடைக்கும். என்னைப்போல் தரைவீட்டின் முன்புறத்தில் தொட்டிகளை நம்பியிருப்பவர்கள், தொட்டிக்கு அடியிலுள்ள தட்டுகளை எடுத்துவிடுவது நல்லது. அவற்றில் தேங்கும் நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அதற்கு அபராதமும் உண்டு.

பழ ஈக்காகப் பாகற்காயை விரல் நீளத்திலேயே செய்தித்தாளால் சுற்றிக் கட்டிவிடவேண்டும்; இதைவிட எளிய, நஞ்சில்லாத வழி எனக்குத் தெரியவில்லை. கத்தரியும் தக்காளியும் இலை மஞ்சளாகாமலேயே ஒரு பகலில் துவண்டுவிட்டால், தண்டின் அடிப்பகுதியை வெட்டித் தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் நிறுத்திப் பாருங்கள். வெட்டிலிருந்து வெண்மையான இழை நீரில் இறங்கினால் அது ரால்ஸ்டோனியா என்னும் பாக்டீரியா உண்டாக்கும் வாடல் நோய். அதற்கு மருந்து இல்லை. ஆனால் நம் சுண்டைக்காய்ச் செடியின் வேர் அந்த நோயைப் பெரிதும் தாங்கும் என்பதால், சுண்டைத் தண்டில் கத்தரியை ஒட்டுக் கட்டுவது பல நாடுகளில் வழக்கத்தில் இருக்கிறது.

சுண்டையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். மலாய்க்காரர்கள் தெரோங் பிப்பிட் என்று சொல்லும் இந்தச் செடி இங்கே வேலியோரங்களில் தானாகவே முளைத்து, கேட்பாரின்றி ஆண்டு முழுவதும் காய்க்கிறது. பினாங்கில் வற்றல் பழக விரும்பும் ஒருவர் இதிலிருந்துதான் தொடங்கவேண்டும் என்பேன். விதை கடினமாகும் முன், காய் பச்சையாக உருண்டிருக்கும்போதே பறித்து, ஒவ்வொன்றையும் அம்மிக் குழவியால் ஒரே தட்டுத் தட்டி வெடிக்கவிட்டு, விதைகள் ஓரளவு போகும்படி அலசி, உப்பிட்ட புளித்த மோரில் ஊறவைக்கவேண்டும். தட்டாமல் விட்டால் தோல் ஈரத்தை உள்ளேயே அடைத்துக்கொள்ளும். வெளியே காய்ந்ததுபோல் தோன்றி உள்ளே பூத்துவிடும்.

ஊரில் மோர்மிளகாய்க்கும் சுண்டைக்கும் ஒரு வழக்கம் உண்டு. பகலில் காயவைத்ததை மாலையில் மீண்டும் அதே மோரில் போட்டு, மோர் முழுவதும் வற்றும்வரை இப்படியே மாறிமாறிச் செய்வார்கள். மதுரை வெயிலுக்கு அது பொருந்தும். இங்கே உச்சிவேளையில் சற்று இறங்கும் காற்றின் ஈரப்பதம், இரவில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் ஏறிவிடுகிறது. பகல் முழுவதும் வெயில் இழுத்த ஈரத்தை இரவுக்காற்று திருப்பிக் கொடுத்துவிடும்; அதோடு மோரிலும் முக்கினால் காய்வது என்பது நடக்கவே நடக்காது. ஆகவே மிளகாயின் காம்பை விட்டுவிட்டு நுனியில் கீறி, உப்பு மோரில் குளிர்சாதனப் பெட்டிக்குள் இரண்டு இரவு தொடர்ந்து ஊறவைத்துவிட்டு, வெளியே எடுத்தபின் மோரின் பக்கமே கொண்டுபோகாமல் உலர்த்துகிறேன். மாலை நான்கு மணி வாக்கில், வெயிலின் சூடு குறையத் தொடங்கும்போதே தட்டுகளை உள்ளே எடுத்து, காய் ஆறியவுடன் காற்றுப் புகாத டின்னில் போட்டு மூடிவிடவேண்டும். இரவில் துணியால் மூடி வெளியே வைப்பது பகல் வேலையை வீணாக்குவதாகும்.

துணியைவிடக் கம்பி வலைத் தட்டு நல்லது. அடியிலும் காற்று ஓடும். தகரக் கூரையின் மேல் வைக்க இடமிருந்தால் இன்னும் விரைவாகக் காயும். தையிலும் வானம் ஓரிரு நாள் மூடிக்கொள்வது உண்டு. அப்போது ஓவன் அடுப்பை அறுபது டிகிரியில் வைத்து, நீராவி வெளியேறும்படி கதவைச் சற்றே திறந்துவைத்து மீதியை முடித்துக்கொள்ளலாம். இதில் வெட்கப்பட எதுவுமில்லை. பாகற்காயை மிக மெல்லிய வில்லைகளாக அரிந்து, உப்பும் மஞ்சளும் பிசறிப் பிழிந்துவிட்டுப் போட்டால் நல்ல வெயிலில் இரண்டு நாளில் ஒடியும் பதத்துக்கு வந்துவிடும். காயில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் நீர் என்பதால், ஒரு கிலோ பாகல் காய்ந்தபின் நூறு கிராமை ஒட்டித்தான் நிற்கும். அந்த எடையை நிறுத்துப் பார்ப்பது, கை பதத்தைவிட நம்பகமான சோதனை.

பூஞ்சணம் கண்ட வற்றலைத் துடைத்துவிட்டு, எண்ணெயில் பொரித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களிடம் ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: தயவுசெய்து அதைக் குப்பையில் போடுங்கள். ஈரமான மிளகாயிலும் நிலக்கடலையிலும் வளரும் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்குகிறது; அது கல்லீரலைத் தாக்கும்; வீட்டு அடுப்பில் பொரிப்பதால் அது முழுமையாக அழிவதில்லை. 1988இல் பேராக்கில் நூடல்ஸ் உண்ட 13 குழந்தைகள் இறந்த துயரத்தில் இந்த நஞ்சே காரணமாகச் சுட்டப்பட்டது. சிக்கனம் பெரிய குணம்தான், ஆனால் இந்த இடத்தில் அது வேண்டாம்.

நன்றாகக் காய்ந்த வற்றலையும் இங்கே அலமாரியில் வைத்தால் சில வாரங்களில் நமத்துவிடும். சிறுசிறு கண்ணாடிப் போத்தல்களில் பிரித்துப் போட்டு, ஒன்றைத் தவிர மற்றவற்றை உறைபெட்டியில் வைப்பதே என் வழக்கம். பெரிய ஜாடியைத் தினமும் திறந்தால் திறக்கும் ஒவ்வொரு முறையும் கடற்காற்று உள்ளே போகிறது.

மற்ற பத்து மாதத்துக் காய்களை என்ன செய்வது என்ற கேள்விக்கு, இந்தத் தீவே விடை வைத்திருக்கிறது. சௌரஸ்தா சந்தையில் ஜெரூக் எனப்படும் ஊறவைத்த காய்கனிகளை விற்கும் கடைகளுக்குப் போனால் ஜாதிக்காய், மாங்காய், நெல்லிக்காய் என்று வகைவகையாக ஊறிக்கொண்டிருப்பதைக் காணலாம். அங்கே பெரும்பாலான வேலையை உப்பும் சர்க்கரையும் காடியும் (வினிகரும்) பார்த்துக்கொள்கின்றன. வெயிலின் பங்கு குறைவு. மழை மிகுந்த ஊரில் வாழ்பவர்கள் கண்டுகொண்ட வழி அது. சீன, மலாய் மரபுகள் கலந்த ஞோஞ்ஞா வீடுகளின் அச்சார் அதைவிடச் சிறப்பானது. வெள்ளரி, பயற்றங்காய், முட்டைக்கோசு, கேரட் ஆகியவற்றை விரல் நீளத்துக்கு நறுக்கி, உப்பிட்டு நீர் பிழிந்து, கொதிக்கும் காடியில் ஒரு கணம் முக்கி எடுத்து, மஞ்சளும் மிளகாயும் அரைத்து வதக்கிய மசாலாவில் புரட்டி, வறுத்த நிலக்கடலையும் எள்ளும் தூவுவார்கள். உப்பிட்டுப் பிழிவதுதான் இதன் உயிர். அந்த வேலையில் அவசரப்பட்டால் காய் நீர்விட்டுக் காடியின் புளிப்பைக் குறைத்துவிடும்.

நம் எலுமிச்சை ஊறுகாய்க்கும் மழைக்காலம் தடையில்லை. ஒரு கிலோ பழத்துக்கு 150 முதல் 200 கிராம் கல்லுப்பு சேர்த்து, பீங்கான் ஜாடியில் நாள்தோறும் குலுக்கிவந்தால், வெயிலே படாமலும் தோல் மெதுவாகக் கனிந்துவிடும். பெலிம்பிங் பூலோ எனப்படும் புளிச்சங்காயையும் இப்படியே உப்பிடலாம். அதில் ஆக்சாலிக் அமிலம் மிகுதி என்பதால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது.

எண்ணெயைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை நம் சமையலறைகளில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. மேலே நல்லெண்ணெய் நின்றால் எதுவும் கெடாது என்பார்கள். எண்ணெய் காற்றைத்தான் தடுக்கும். காற்றில்லாத இடத்தில் வளரும் க்ளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவுக்கு அதுவே வசதி. அதன் வளர்ச்சியை நிறுத்துவது புளிப்பு, பி.எச். அளவு 4.6க்குக் கீழே இருந்தால் அதனால் வளர முடியாது. எலுமிச்சையும் மாங்காயும் இயல்பாகவே அந்த எல்லைக்குக் கீழே இருக்கின்றன. வெறும் பூண்டையும் பச்சைமிளகாயையும் புளிப்புச் சேர்க்காமல் எண்ணெயில் போட்டு வெளியே வைப்பது ஆபத்தானது. அவற்றுக்கு 5 சதவீதக் காடியோ எலுமிச்சைச் சாறோ தாராளமாக வேண்டும்.

கீரைக்கும் கறிவேப்பிலைக்கும் நேரடி வெயில் ஆகாது. நிறமும் மணமும் போய்விடும். இரவில் குளிர்சாதனம் ஓடும் அறையில் செய்தித்தாளின் மேல் முருங்கை இலையைப் பரப்பிவைத்தால், காற்றின் ஈரத்தை அந்த இயந்திரமே உறிஞ்சிவிடுவதால் இலை பச்சை மாறாமல் காய்ந்துவிடுகிறது. பயற்றங்காயைக் கொதிநீரில் மூன்று நிமிடம் போட்டு, ஐஸ் நீரில் ஆறவைத்து, நீர் வடித்து உறையவைத்தால் பல மாதம் கறிக்கு உதவும்.

இந்த ஆண்டு தொடங்க நினைப்பவர்கள் செப்டம்பர் பிறந்ததும் டோலமைட்டைக் கலந்துவிட்டு, மாத இறுதியில் மிளகாயையும் கத்தரியையும் கூரைக்கடியில் விதையுங்கள். இடம் மிகக் குறைவென்றால் கத்தரியை விட்டுவிடலாம், மிளகாயை விடவேண்டாம். சுண்டைக்கு விதை வாங்கத் தேவையில்லை; முற்றிப் பழுத்த காய் நான்கைந்து கிடைத்தால் போதும், ஆனால் அது முதல் காய் காய்க்கப் பல மாதமாகும் என்பதால் அதை மட்டும் இன்றைக்கே போட்டுவிடுங்கள்.