பனங்கட்டிக் குட்டானுக்கு ஒரு மட்டைப் பெட்டி: அளவு முதல் அச்சு வரை

யாழ்ப்பாணத்துப் பொருளொன்றுக்குக் கடையில் விற்கக்கூடிய பெட்டி செய்ய வேண்டும் என்பது எங்கள் பொதியிடல் பாடத்தின் வேலைத்திட்டம். நாங்கள் எடுத்தது பனங்கட்டிக் குட்டான், அதாவது பனையோலையில் இழைத்த சிறு கூட்டுக்குள் இருக்கும் பனங்கட்டி. ஆயிரம் பெட்டிகள், ஒப்செற் அச்சு, இரண்டு நிறம். அடுத்த அணி மாணவர்களுக்கு உதவும் என்று செய்த முறையை எழுதுகிறோம்.

வழக்கமாகக் கணினியில் முன்முகத்தை வரைந்து முடித்த பிறகுதான் பெட்டியைப் பற்றி யோசிக்கிறோம். வேலை எதிர்த்திசையில் நடக்க வேண்டும். முதலில் பொருள், பிறகு உள்ளுறை, மட்டை (தடித்த கடதாசி அட்டை), அதை வெட்டி மடிப்புக்கோடு அழுத்தும் தகடுகள் பதித்த டை. படம் கடைசியில்.

குட்டான் கையால் இழைப்பது. ஒன்றைப்போல் இன்னொன்று இராது. நாங்கள் வாங்கியவற்றின் அகலம் 36 மி.மீ. முதல் 41 மி.மீ. வரை இருந்தது. சராசரியை எடுத்தால் பாதிக்குப் பாதி பெட்டிக்குள் இறங்காது. ஆகப் பெரியதை எடுத்து, வரிசைக்கு 3 மி.மீ. இளக்கம் கொடுத்தோம். மூன்றுக்கு இரண்டாக ஆறு குட்டான்: 126 × 85 மி.மீ., உயரம் 48.

பனங்கட்டி காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்து வைத்தால் கசிந்துவிடும். மட்டை மட்டும் அதைத் தடுக்காது. ஒட்டி மூடிய பை உள்ளே வேண்டும். மெல்லிய பொலித்தீனை ஓலை நுனி துளைத்துவிடும் என்பதால் 75 மைக்கிரோன் எடுத்தோம். இன்னொரு காரணமும் உண்டு. பின்பக்கம் சாம்பல் நிறமான மட்டை பழைய கடதாசியிலிருந்து செய்தது. பழைய அச்சு மையின் எண்ணெய் அதில் தங்கியிருக்கலாம். உணவு நேராக அதில் படக்கூடாது. நாங்கள் இருபுறமும் வெள்ளையான, சதுர மீற்றருக்கு 300 கிராம் நிறையுள்ள மட்டையையே எடுத்தோம், தடிப்பு 0.4 மி.மீ.

முன்முகத்தில் 70 × 40 மி.மீ. சன்னல் வெட்டினோம். குட்டான் தானே ஒரு பொதி, அதுவும் மிக அழகான பொதி. அதன் படத்தை அச்சிட்டு அதையே மறைப்பதில் நியாயமில்லை. பை உள்ளே இருப்பதால் சன்னலுக்குத் தனியாகப் பிளாஸ்ரிக் ஒட்டத் தேவையில்லை. ஆனால் சன்னலின் ஓரம் மடிப்புக்கோட்டிலிருந்து 20 மி.மீ. ஆவது தள்ளியிருக்க வேண்டும். கிட்டப் போனால் முகம் தொய்ந்துவிடும்.

இனி விரிப்பு, அதாவது மடிக்கமுன் தட்டையாக விரிந்திருக்கும் பெட்டி. 126, 48, 126, 48, ஒட்டும் நாக்கு 12: மொத்த அகலம் 360 மி.மீ. உயரம் 85, மேலும் கீழும் மூடி 48, செருகும் நாக்கு 15: மொத்தம் 211. நாக்கின் மேல் வந்து ஒட்டுப்படும் மறுமுனை முகத்தை மட்டும் 0.5 மி.மீ. குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டிய பிறகு பெட்டி சரியாகத் தட்டையாகாது.

பணம் போகும் இடம் அடுத்தது: மட்டையின் நார் ஓடும் திசை. அச்சகத்தில் கிரெய்ன் என்பார்கள். நார் பெட்டியைச் சுற்றி ஓட வேண்டும், அதாவது நான்கு மடிப்புக்கோடுகளையும் குறுக்கே வெட்டிப் போக வேண்டும். அப்போதுதான் முகங்கள் வயிறு தள்ளாமல் நேராக நிற்கும். 31 × 43 அங்குல மட்டையை இரண்டாக வெட்டி, ஓரம் கழித்து, 740 × 520 மி.மீ. தாள் எடுக்கும் அச்சுப்பொறியில் ஓட்டுகிறோம் என்று வையுங்கள். நார் 31 அங்குலப் பக்கமாக ஓடினால் ஒரு தாளில் நான்கு பெட்டி அடங்கும். 43 அங்குலப் பக்கமாக ஓடினால் விரிப்பைத் திருப்பிப் போடவேண்டும், அப்போது மூன்றுதான். ஆயிரம் பெட்டிக்கு 250 தாள் போதுமா, 334 தாள் வேண்டுமா என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. நிறம் பிடிக்கவும் டை சரிபார்க்கவும் கழியும் தாள் இதற்கு மேல்; 100 சேர்த்துக்கொள்ளுங்கள். மட்டை கேட்கும்போதே திசையையும் கேளுங்கள். விற்பவருக்குத் தெரியாவிட்டால் சிறு துண்டு வெட்டி ஒரு பக்கத்தை நனையுங்கள். அது சுருண்டு குழாயாகும். குழாய் நீளும் பக்கமே நார்த்திசை.

டை கொழும்பில் அடித்து வந்தது. திருத்தம் என்றால் மறுபடி அனுப்பிக் காத்திருக்க வேண்டும். ஆகவே வரைபடத்திலேயே இவற்றை எழுதிக் கொடுத்தோம்: மட்டைத் தடிப்பு 0.4, வெட்டும் தகட்டின் உயரம் 23.8 மி.மீ.; மடிப்புத் தகடு மட்டைத் தடிப்பளவு குறைந்து 23.4, மடிப்புத் தகட்டின் தடிப்பு 0.7. மடிப்புத் தகடு மட்டையை அழுத்தி இறக்கும், அடியிலுள்ள பள்ளத்தின் அகலத்துக்கு ஒரு கணக்கு உண்டு. மட்டைத் தடிப்பை ஒன்றரையால் பெருக்கித் தகட்டின் தடிப்பைக் கூட்டுவது, இங்கே 1.3 மி.மீ. பள்ளம் ஒடுங்கினால் மடிப்பில் மட்டை வெடிக்கும். அகன்றால் மடிப்பு எங்கே விழுமென்று சொல்ல முடியாது. கோப்பில் 100 மி.மீ. நீளமான கோடொன்றையும் போட்டுவிடுங்கள். தாளுக்குப் பொருந்தச் சுருக்கி அச்செடுக்கும் வழக்கம் எல்லா இடத்திலும் உண்டு. அந்தக் கோட்டை அளந்தால் உடனே தெரிந்துவிடும்.

டைக்குக் கொடுக்கமுன் அதே மட்டையில் கையால் ஒரு வெள்ளைப் பெட்டி செய்து குட்டான்களை அடுக்கிப் பார்க்க வேண்டும். மை தீர்ந்த போல்பொயின்ற் பேனையால் மடிப்புக்கோட்டை அழுத்தினால் போதும்.

நிறத்துக்கு ஒரு பிடிவாதம் வைத்தோம். பனங்கட்டியின் மண்ணிறத்தை நான்கு நிறப் புள்ளிகளால் கலக்காமல், கலந்த மண்ணிற மை ஒன்று, கறுப்பு ஒன்று. இரண்டு பிளேற். நான்கு நிறக் கலவையில் வெள்ளைத் தமிழ் எழுத்தை விட்டால், நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும் பதிவு ஒரு மயிரிழை விலகினாலும் ண, ழ, ஞ ஆகியவற்றின் சுழிகள் அடைபடும். மெய்யெழுத்தின் புள்ளியே காணாமல் போகும். ஒரே மையில் அந்தப் பயம் குறைவு. அப்படியும் வெள்ளை எழுத்தை 8 பொயின்ற் அளவுக்குக் கீழே கொண்டுபோகக் கூடாது. மெல்லிய கோடு 0.3 மி.மீ. ஆவது இருக்க வேண்டும். கறுப்பு எழுத்தை மண்ணிறத்தின் மேலேயே அச்சாக விட்டுவிடலாம்.

பெட்டியில் தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் வந்தன. தமிழிலும் சிங்களத்திலும் மேலும் கீழும் குறிகள் ஏறுவதால் வரி இடைவெளி எழுத்தளவின் 140 வீதமாவது வேண்டும்; ஆங்கிலத்துக்கு வைத்த இடைவெளியில் முட்டிக்கொள்ளும். இங்குள்ள அச்சகங்கள் பலவற்றில் இன்னும் யுனிகோட் அல்லாத பாமினி எழுத்துருதான் புழங்குகிறது. யுனிகோட்டில் எழுதிய கோப்பைப் பழைய மென்பொருளில் திறந்தால் கொம்பும் காலும் இடம் மாறும். பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைனிலும் வேர்ல்ட் ரெடி கொம்போசர் என்ற தெரிவை எடுக்காவிட்டால் இதே குழப்பம். எழுத்துப்பிழை பார்த்து முடித்து, எழுத்தை வரைகோடாக மாற்றிய பிறகே கோப்பைக் கொடுக்க வேண்டும். மாற்றாத பிரதியொன்றைப் பத்திரமாக வைத்திருங்கள்.

மண்ணிறப் பரப்பு மடிப்புக்கோட்டில் முடியக்கூடாது. டை அரை மி.மீ. முதல் ஒரு மி.மீ. வரை விலகும், அப்போது நிறப் பரப்பின் ஓரத்தில் வெள்ளைக்கோடு எட்டிப்பார்க்கும். நிறத்தை மடிப்புக்கோட்டுக்கு அப்பால் 2 மி.மீ. தாண்டி விட்டோம். வெட்டும் ஓரங்களில் 3 மி.மீ. மிகை. ஒட்டும் நாக்கில் மையும் வார்னிஷும் வரவே கூடாது, பசை பிடிக்காது. பிளாஸ்ரிக் படலம் ஒட்டும் லமினேற்றை இதனால்தான் தவிர்த்தோம். ஒரு பக்கம் மட்டும் படலம் ஒட்டிய மட்டை ஈரக்காற்றில் படலப் பக்கமாக வளையவும் செய்யும். நீர்சார் வார்னிஷ் போதுமானது.

பார்கோட்டைக் கறுப்பிலேயே அச்சிடுங்கள். கடைப் பொறி சிவப்பு ஒளியில் வாசிக்கிறது. மண்ணிறம் அதற்கு வெளிறித் தெரியும். இலங்கைக்குரிய எண்கள் 479 என்று தொடங்கும். முழு அளவு 37.29 × 25.93 மி.மீ.; 80 வீதம் வரை சுருக்கலாம், அதற்குக் கீழே கூடாது. முழு அளவில் இடப்பக்கம் 3.63 மி.மீ., வலப்பக்கம் 2.31 மி.மீ. வெறுமையாக இருக்க வேண்டும்.

நிகர நிறை, சேர்மானம், செய்தவரின் பெயர் முகவரி எல்லாம் பின்முகத்தில். தொகுதி இலக்கம், உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, ஆகக்கூடிய சில்லறை விலை ஆகியவை ஒவ்வொரு தொகுதிக்கும் மாறும். அவற்றுக்கு 40 × 20 மி.மீ. இடத்தை வார்னிஷ் இல்லாமல் விட்டோம். வார்னிஷின் மேல் இறப்பர் முத்திரை குத்தினால் விரல் பட்டதும் அழியும்.

மட்டை அச்சகத்துக்கு வந்ததும் கட்டைப் பிரிக்காமல் ஒரு நாள் அங்கேயே வைக்க வேண்டும். வேறு ஈரத்திலிருந்து வந்த மட்டை பிரித்தவுடன் ஓரத்தில் அலையும். மழைக்காலத்தில் மை காயவும் நேரமெடுக்கும். உயரமாக அடுக்கினால் மேல்தாளின் முதுகில் கீழ்த்தாளின் மை ஒட்டும். சிறு அடுக்குகளாக வைத்து, இரண்டு நாள் கழித்து டை வெட்டுவது நல்லது.

ஒட்டும்போது முதலாம், மூன்றாம் மடிப்புகளை ஒருமுறை முழுதாக மடித்து விரித்துவிட வேண்டும். பிறகு பொதி செய்பவர் பெட்டியைத் திறக்கும்போது அது தானாகச் சதுரமாகும். ஒட்டியவற்றை ஐம்பது ஐம்பதாகக் கட்டி, இறுக்காமல், நிலத்தில் படாமல் வைத்தோம். டையையும், நாங்கள் ஒப்பமிட்ட நிறத்தாள் ஒன்றையும் அச்சகத்திடமிருந்து கேட்டு வாங்கி உற்பத்தியாளரிடம் ஒப்படைத்தோம். மறு அச்சுக்கு எந்த அச்சகம் போனாலும் அவை இரண்டும் வேண்டும்.