தாருக்கும் மண்ணுக்கும் ஒரே பைக்: தேர்வு நாட்குறிப்பு

ஜூன் 2, திங்கள்

தார்ச்சாலையிலும் கரடுமுரடான பாதையிலும் ஓட்டக்கூடிய அட்வென்ச்சர் பைக் ஒன்றை வாங்குவதென்று முடிவாகிவிட்டதால், எதை எடுப்பது என்ற யோசனைகளை இங்கே தேதிவாரியாக எழுதி வருகிறேன். என் ஓட்டத்தில் பெரும்பகுதி தார்ச்சாலைதான். அதைத் தாண்டினால் மண்பாதை, சரளை, எப்போதாவது கணுக்காலளவு தண்ணீர் ஓடும் ஓடை. பாறையேறுவதோ மணல்மேட்டில் பாய்வதோ திட்டத்தில் இல்லை. இதை முதலிலேயே எழுதிவைக்கக் காரணம், இந்த வகை வண்டிகளின் விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டேயிருந்தால் தனக்கு எது தேவை என்பதே மறந்துபோகிறது.

பாலைவனக் கவர்ச்சிக்கு ஒரு பழைய கதையும் உண்டு. 1980இல் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் ஆர் 80 ஜி/எஸ் வண்டியைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே ஹூபர்ட் ஓரியோல் அதன் பந்தய வடிவத்தை ஓட்டி, சகாரா பாலைவனத்தைக் கடக்கும் பாரிஸ்-டக்கார் பந்தயத்தில் வென்றார். பெரிய எஞ்சின், பெரிய டேங்க், உயர்ந்த உடல் என்பது இந்த வகையின் முகமாக நிலைத்ததில் அந்த வெற்றிக்குப் பங்கு உண்டு. பாலைவனத்தைக் கடப்பவருக்கு அவை வேண்டும். வார இறுதியில் மண்பாதைக்குள் சிறிது தூரம் போய்த் திரும்புகிறவருக்கு அவை பெரும்பாலும் சுமைதான்.

ஜூன் 5, வியாழன்

இன்று முன்சக்கரத்தைப் பற்றி மட்டும் யோசித்தேன். வண்டியின் குணத்தை அதன் பெயரைவிட முன்சக்கரத்தின் அளவு தெளிவாகச் சொல்லிவிடுகிறது. 21 அங்குலச் சக்கரம் கல்லையும் பள்ளத்தையும் சாய்வான கோணத்தில் சந்திப்பதால் மோதாமல் ஏறிக் கடக்கிறது. ஆனால் அதில் பொதுவாக 90/90 அளவுள்ள (அகலம் 90 மில்லிமீட்டர், உயரம் அதில் 90 விழுக்காடு) ஒல்லியான டயரே வருவதால், தார்ச்சாலை வளைவுகளில் வண்டி திரும்பச் சற்றுச் சோம்பல்படும். வளைவுக்குள் பிரேக் பிடிக்கும்போது தரையைப் பற்றும் பரப்பும் குறைவு. 17 அங்குலம் இதற்கு நேரெதிர். நடுவில் இருக்கும் 19 அங்குலம் எனக்குச் சமரசமாகப் படவில்லை, சரியான விடையாகவே படுகிறது. ஹோண்டா சிபி500எக்ஸ் 2013இல் 17 அங்குல முன்சக்கரத்தோடு வந்தது. 2019இல் அதை 19க்கு மாற்றினார்கள். தார்ச்சாலைக்கென்றே பிறந்த வண்டியைச் சரளைக்கும் பழக்க வேண்டுமென்றால் முதலில் எதில் கைவைக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

ஜூன் 8, ஞாயிறு

சீட் உயரமும் எடையும். இதில் நாள் முழுக்கப் போய்விட்டது, போனதில் வருத்தமில்லை.

யமஹா டெனெரே 700இன் சீட் 875 மில்லிமீட்டர் உயரம். எரிபொருளோடு எடை 200 கிலோவைத் தாண்டும். கரடுமுரடான பாதையில் அது எவ்வளவு திறமையானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மண்பாதையில் நான் பார்த்த விழுதல்களில் பெரும்பாலானவை வேகத்தில் நடந்தவை அல்ல. வண்டி நிற்கப்போகும் நொடியிலோ, குறுகிய பாதையில் திருப்பும்போதோ நடந்தவை. ஓட்டுபவர் இடதுகாலை ஊன்றப் போகிறார், அந்த இடத்தில் தரை நான்கு விரற்கடை பள்ளமாக இருக்கிறது, கால் தரையைத் தொடுவதற்குள் வண்டியின் எடை சாய்ந்துவிடுகிறது. அதற்குப்பின் எத்தனை குதிரைத்திறன் இருந்தும் பயனில்லை. ஆகவே என்னைப் பொறுத்தவரை ஒரு வண்டி மண்பாதைக்கு ஏற்றதா என்பது மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்திலும் அதற்குக் கீழேயும்தான் தீர்மானமாகிறது.

உயரத்தை அட்டவணையில் பார்த்து முடிவுசெய்யவும் முடியாது. சீட்டின் முன்பகுதி அகலமாக இருந்தால் தொடை விரிந்து, அதே உயரத்திலும் கால் எட்டாமல் போகும். சஸ்பென்ஷன் மென்மையாக இருந்தால் உட்கார்ந்ததும் வண்டி இறங்கிக் கால் எட்டிவிடும். வழக்கமாக அணியும் பூட்ஸோடு, சற்றுச் சரிவான தரையில் உட்கார்ந்து பார்ப்பதே சரியான சோதனை.

விழுந்த வண்டியைத் தூக்குவதையும் இப்போதே யோசித்துவிட வேண்டும். சைடு ஸ்டாண்டுக்கு எதிர்ப்பக்கமாக, அதாவது வலப்பக்கம் விழுந்திருந்தால், தூக்குவதற்கு முன்பே ஸ்டாண்டை விரித்துக் கியரில் போட்டுவிட வேண்டும். இல்லையேல் தூக்கிய வேகத்தில் மறுபக்கம் சரியும். பிறகு சீட்டுக்கு முதுகைக் கொடுத்துக் குந்தி, ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறுகையால் பின்பக்கக் கம்பியையும் பிடித்து, முதுகை வளைக்காமல் கால்பலத்தால் பின்னோக்கித் தள்ளி எழ வேண்டும். ஆளில்லாத இடத்தில் தனியாக இதைச் செய்ய முடியாத எடை எனக்கு வேண்டாம்.

ஜூன் 9, திங்கள்

எஞ்சின் திறன் பற்றிச் சுருக்கமாக எழுதினால் போதும். நெடுஞ்சாலையில் மணிக்கு 90 கிலோமீட்டரைத் திணறாமல் பிடித்துச் செல்ல 250 சிசி வண்டி போதுமானது. அதைவிட முக்கியமானது, முதல் கியரில் கிளட்சை முழுவதும் விட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமலேயே வண்டி நடைவேகத்தில் குலுங்காமல் ஊர்கிறதா என்பதுதான். டெஸ்ட் ரைடில் இதைத்தான் முதலில் பார்க்கப்போகிறேன்.

ஜூன் 14, சனி

ஸ்போக் வீலா, அலாய் வீலா என்பது முடிவில்லாத வாக்குவாதம். கல்லில் பலமாக இடித்தால் ஸ்போக் வளைந்து கொடுக்கும், நெளிந்த ரிம்மை ஓரளவு நிமிர்த்தவும் முடியும். அலாய் விரிசல் விட்டால் அதோடு சரி. ஆனால் சாதாரண ஸ்போக் வீலில் டியூப் இருக்கிறது. பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றி, நெம்புகோலால் டயரை விலக்கி, டியூபை உருவி ஒட்ட வேண்டும். அலாய் வீலில் வரும் டியூப்லெஸ் டயராக இருந்தால் சக்கரத்தைக் கழற்றாமலேயே ஓட்டையில் ரப்பர் திரியைச் செருகிக் காற்றடித்துக் கிளம்பிவிடலாம். என் பாதைகளில் ரிம்மை உடைக்கும் கல்லைவிட ஆணிதான் அதிகம். எனவே அலாய்.

ஜூன் 21, சனி

நண்பர் ஒருவரின் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450ஐ ஓட்டிப் பார்த்தேன். 40 குதிரைத்திறன், முன்னும் பின்னும் 200 மில்லிமீட்டர் சஸ்பென்ஷன் அசைவு (சக்கரம் மேலும் கீழும் நகரக்கூடிய மொத்த தூரம்), 17 லிட்டர் டேங்க். ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்றதும் ஹேண்டில்பார் தானாகக் கைக்கு வந்தது, டேங்க்கை முழங்கால்களால் இறுக்கிப் பிடிக்க முடிந்தது. நின்று ஓட்டுவதற்கென்றே செய்ததுபோன்ற அமைப்பு. போகிற வழியில் பின்சஸ்பென்ஷனையும் அளந்தோம். வண்டியைத் தூக்கிச் சக்கரம் தொங்கும்போது ஒருமுறை, ஓட்டுபவர் ஏறி உட்கார்ந்தபின் ஒருமுறை, பின் அச்சிலிருந்து அதற்கு நேர்மேலே ஒரு புள்ளி வரை அளந்தால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மொத்த அசைவில் ஏறத்தாழ 30 விழுக்காடு இருக்க வேண்டும். இந்த வண்டிக்கு அது 60 மில்லிமீட்டர். குறைந்தால் ஸ்பிரிங் இறுக்கம் அதிகம், கூடினால் தளர்வு. எந்த வண்டியை வாங்கினாலும் முதல் வாரத்தில் செய்யவேண்டிய வேலை இது.

மனம் அதன் பக்கம் சாய்ந்தது உண்மை. ஆனால் 196 கிலோ.

ஜூன் 29, ஞாயிறு

சுசுகி வி-ஸ்ட்ராம் 250 எஸ்எக்ஸ் வண்டிக்கு முன்பணம் கட்டியாயிற்று. 19 அங்குல முன்சக்கரம், 835 மில்லிமீட்டர் சீட், 205 மில்லிமீட்டர் கிரவுண்ட் கிளியரன்ஸ் (தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளி), 167 கிலோ. சரிவான சரளையில் முதல் கியரில் விட்டபோது முனகாமல் ஊர்ந்தது, திருப்பும்போது இரண்டு கால்களும் தரையைத் தொட்டன. குறைகள் இல்லாமல் இல்லை: பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸை அணைக்கும் வசதி கிடையாது என்பதால் உதிர்மண் இறக்கத்தில் வண்டி நிற்க நீண்ட தூரம் எடுத்துக்கொள்ளும், அங்கெல்லாம் வேகத்தை முன்கூட்டியே குறைத்தாக வேண்டும், 12 லிட்டர் டேங்க்கும் நீண்ட பயணத்துக்குச் சிறியதுதான்.

சாமான் பெட்டிகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் எஞ்சினுக்கு அடியில் ஒரு உலோகத் தகடும், கைக்காப்பும் போட வேண்டும். வண்டியோடு வரும் டயர்கள் தேயும்வரை ஓடட்டும். அதற்குப்பின் தாருக்கு முன்னுரிமை தருகிற, ஆனால் சற்று ஆழமான ரப்பர் கட்டைகள் கொண்ட டயர்களாக மாற்றப்போகிறேன்.