காத்தாடியை மாற்றப் போன கதை

ஆரல்வாய்மொழி கணவாயில் எங்கள் நூல் மில்லுக்கு ஒரு காத்தாடி இருக்கிறது. 1995-ல் அப்பா நிறுவியது, 250 கிலோவாட். காற்றாலையின் விலை முழுவதையும் முதல் வருடமே தேய்மானமாக எழுதி வரியைக் குறைக்கலாம் என்றிருந்த காலம் அது. அப்பாவுக்குக் காற்றைக் காட்டியது ஆடிட்டர்தான்.

இப்போது வருபவை 2,000 கிலோவாட்டுக்கு மேல். உயரம் கூடக் கூடக் காற்றின் வேகம் கூடும். வேகம் இரட்டித்தால் அதிலுள்ள சக்தி எட்டு மடங்கு. இவ்வளவு நல்ல காற்று அடிக்கும் இடத்தைக் குட்டி மிஷின் அடைத்துக்கொண்டிருக்கிறதே என்று தோன்றியது. பழைய மிஷினைக் கழற்றிவிட்டுப் பெரியதை நிறுவுவதற்கு ரீபவரிங் என்று பெயர். 2016-ல் மத்திய அரசு அதற்கொரு கொள்கை அறிவித்த தெம்பில் அடுத்த வருடமே கிளம்பிவிட்டேன்.

கடன்தான் கஷ்டமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். வங்கி வரைக்கும் போகவே இல்லை, நிலத்திலேயே நின்றுவிட்டது. இரண்டு காத்தாடிகளுக்கு நடுவே, காற்று வரும் திசையில் இறக்கை வட்டத்தின் விட்டத்தைப்போல ஏழு மடங்கும் பக்கவாட்டில் ஐந்து மடங்கும் இடைவெளி வேண்டும் என்பது அப்போது இங்கே கணக்கு. விட்டம் 30 மீட்டராக இருந்தபோது 210 மீட்டர் போதும். 100 மீட்டர் விட்டம் என்றால் 700. அந்த 700 மீட்டருக்குள் வேறு ஆறு பேரின் காத்தாடிகள் சுற்றிக்கொண்டிருந்தன.

ஆறு பேரையும் தேடிப் போனேன். ஒரு இடத்தில் அண்ணன் தம்பிக்குள் பாகப்பிரிவினை வழக்கு. இன்னொருவர் ஊரிலேயே இல்லை, பட்டா இன்னும் இறந்துபோன அவர் அப்பா பெயரில். மூன்று பேர் தலையாட்டினார்கள், எழுதிக் கேட்டதும் போனை எடுப்பதில்லை. வள்ளியூர் அண்ணாச்சி ஒருவர்தான் முகத்துக்கு நேராகச் சொன்னார்: "ஓடுத வண்டிய எதுக்குத் தம்பி நிறுத்தச் சொல்லுதீய?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. காற்று சீசன் மே முதல் செப்டம்பர் வரை, மில் ஓடுவதோ பன்னிரண்டு மாதமும். சீசனில் மிஞ்சும் யூனிட்டை மின்வாரியக் கணக்கில் போட்டுவைத்து மார்ச் வரை எடுத்துக்கொள்வோம். பேங்கிங் என்போம், எங்கள் பிழைப்பே அதில்தான். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே, 2018 மார்ச்சுக்குப் பின் நிறுவுபவற்றுக்கு அந்த வருடக் கணக்கு கிடையாது என்றாகிவிட்டது. புது மிஷின் எத்தனை யூனிட் கொடுத்தால் என்ன, ஆடியில் வந்ததைத் தை மாதத்தில் எடுக்க முடியாதே!

சப்ஸ்டேஷன் பக்கமும் போய்ப் பார்த்தேன். மிஷினின் மின்சாரத்தை அங்கே கொண்டுவரும் லைனில், அதாவது ஃபீடரில், புது மிஷினுக்கு இடமில்லை என்றார்கள். அதற்கு நான் எதுவும் பேசவில்லை. நல்ல காற்றடிக்கும் நாளில், லைன் தாங்காது என்று இருக்கிற மிஷினையே நிறுத்தச் சொன்னதைப் பார்த்தவன் நான். ஐம்பது மீட்டர் இறக்கையை ஏற்றிவரும் லாரி எந்த வளைவில் திரும்பும் என்ற ஆராய்ச்சியும் கொஞ்ச நாள் நடந்தது. அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது.

2024-ல் மாநில அரசும் ஒரு கொள்கை கொண்டுவந்தது. மிஷினை மாற்றாமல் ஆயுளை மட்டும் நீட்டிக்கவும் அதில் வழி உண்டு. சரி, அதுவே போதும் என்று வந்துவிட்டேன். போன வருடம் கியர்பாக்ஸ் போனபோது, பக்கத்தில் கழற்றிப் போட்டிருந்த காத்தாடியின் கியர்பாக்ஸை வாங்கி மாட்டினோம். விலை பேசி முடித்துக் கொடுத்தது அண்ணாச்சிதான்.