தலைவர் தாத்தாவின் டிரங்குப் பெட்டி

மார்ச் 4, 2025

விடியற்காலையில், இலங்கை மலையகத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவராக இருந்த தலைவர் தாத்தா போய்விட்டார். டிக்கோயா ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தபோது காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் ஆட்கள் கூடிக்கொண்டிருந்தார்கள். இன்றைய பேர் (நாள் சம்பளம்) போனாலும் போகட்டும் என்று யாரும் மலைக்கு ஏறவில்லை. பத்து மணிக்குள் பொகவந்தலாவை ரோட்டிலிருந்து மேல் லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) வரைக்கும் வெள்ளைக்கொடி கட்டிவிட்டார்கள். இன்றைக்கு இதற்கு மேல் எழுத வரவில்லை.

மார்ச் 5

அடக்கம் முடிந்தது. டவுன் முதலாளிமார், கீழ்க் கிராமத்துச் சிங்களக் குடும்பங்கள், மற்றச் சங்கங்களின் தலைவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். நீ எந்தச் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறாய் என்று கேட்டுவிட்டு உதவி செய்கிற மனிதர் இல்லை அவர். தோட்டத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று இங்கே வளர்ந்தவர்களுக்குத் தெரியும்.

பந்தல், நாற்காலி, கிடாரம் எல்லாம் மரண உதவிச் சங்கத்துடையவை. அந்தச் சங்கத்தைத் தொடங்கியதே தாத்தாதான். அதற்கு முன்பு ஒரு சாவு விழுந்தால் பெட்டி வாங்கவே வட்டிக்கு ஓடவேண்டும் என்று அம்மா சொல்வார்.

மார்ச் 8

அவருடைய கட்டிலுக்குக் கீழே இருந்த டிரங்குப் பெட்டியை இன்று அத்தை திறந்தார். உள்ளே கடுதாசிகள். பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிகள், கலியாணப் பதிவுகள், ஓய்வுக்காகச் சேரும் சேமலாப நிதியின் படிவங்கள், குடும்பம் குடும்பமாக நூல் கட்டி வைத்திருந்தார். எங்கள் வீட்டுக் கட்டும் இருந்தது.

ஒரே ஆளின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாக, செக்ரோலில் (தோட்டத்து வேலைப் பதிவேட்டில்) ஒரு விதமாக, அடையாள அட்டையில் வேறு விதமாக இருக்கும். தமிழ்ப் பெயரைக் காதில் விழுந்தபடி எழுதிவைத்த வேலை. முப்பது வருசம் கொழுந்து பறித்த மனுஷி தன் சேமலாப நிதியை எடுக்கப் போகும்போது, இது நீ இல்லை என்று திருப்பி அனுப்புவார்கள். அப்படித் திரும்பி வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு நுவரெலியாக் கச்சேரிக்கு (மாவட்ட அரசு அலுவலகத்துக்கு) பஸ் ஏறுவார் தாத்தா. பஸ் காசு பெரும்பாலும் அவருடையது.

ஃபாரம் நிரப்ப யார் வந்தாலும் முதலில் ரொட்டியும் கட்டச்சம்பலும், இஞ்சி போட்ட, பால் இல்லாத பிளேன்டியும். "பசியோட கையெழுத்துப் போட்டா கையெழுத்து மாறிடும், சாப்பிடு ஆயி" என்பார். எனக்கும் அப்படிச் சொல்லியிருக்கிறார்.

மார்ச் 9

கடுதாசி மேல் அவருக்கு ஏன் அவ்வளவு அக்கறை என்று நேற்று இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். 1948 குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரான நம் ஆட்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 150,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். நம்மிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தாத்தாவின் அண்ணன் குடும்பம் அந்தக் கணக்கில் கூடலூருக்குப் போனது. ஹட்டன் ஸ்டேசனில் ஒப்பாரிக் கோச்சியில் (பிரிகிறவர்கள் அழுததால் அந்த ரயிலுக்கு அந்தப் பெயர்) அவர்களை ஏற்றிவிட்ட கதையைப் பல தடவை சொல்லியிருக்கிறார். தலைமன்னார் வரைக்கும் கோச்சி, பிறகு கப்பலில் இராமேஸ்வரம். அண்ணனை அவர் மறுபடி பார்க்கவே இல்லை.

2003இல் 35ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் வழிவந்தவர்களுக்கும் குடியுரிமை. அந்த நாட்களில் லயம் லயமாக ஏறி இறங்கினார். இனி ஒருத்தரையும் கோச்சியில் ஏற்றிவிடக் கூடாது என்ற வைராக்கியம்தான் அது என்று நான் நம்புகிறேன்.

மார்ச் 15

கட்டுகளைச் சங்க அறையில் வைக்கலாம் என்றார்கள் சிலர். அவரவர் கையில் கொடுப்பதுதான் சரி என்று நான் சொன்னேன், அத்தையும் ஒப்புக்கொண்டார். கோயில் வாசலில் வைத்துக் கொடுத்தோம். என் கட்டு இருக்கா ஆயி என்று வயதானவர்கள் வரிசையில் நின்று வாங்கிப்போனார்கள்.

பெட்டியின் அடியில் சில கட்டுகள் மிச்சம். இந்தியாவுக்குப் போனவர்களுடையவை. அதையும் அவர் எறியவில்லை. பொகவந்தலாவைப் பக்கத் தோட்டங்களிலிருந்து கூடலூர், கோத்தகிரிப் பக்கம் போன குடும்பங்களின் பிள்ளைகள் யாராவது இதை வாசித்தால் தாத்தா, பாட்டி பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எழுதுங்கள். தேடிப்பார்த்து, இருந்தால் தபாலில் அனுப்புகிறேன்.